கோதுமைக் குதிர்களில் எழுதிய முகங்கள்



வெளியூர் போய் வந்தவர்கள் பெரும்பாலும் கோயிலையும் கோட்டையையும் கடற்கரையையும் பற்றித்தான் சொல்வார்கள். நாங்கள் போய் வந்த சீமையில் இவை மூன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் விக்டோரியா மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரான மெல்பர்னிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போனால் விம்மெரா என்னும் வட்டாரம் வரும். அதற்கும் வடக்கே மாலி என்னும் வட்டாரம். கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை வயல்; இருபது முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சின்னஞ்சிறு ஊர்கள். நம் தோட்டத்து லயங்களில் இருக்கும் குடும்பங்கள்கூட அவற்றுள் பலவற்றில் இல்லை.

அந்த ஊர்களில்தான் ஒரு புதுமையைக் கண்டோம். ரயில் பாதை ஓரமாகப் பழைய கோதுமைக் குதிர்கள் நிற்கின்றன. குதிர் என்றால் நம் முன்னோர் வீட்டில் நெல் கொட்டி வைத்த மண் கூடுதான். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று சொல்லிக் காட்டிக் கொடுத்த பிள்ளையின் கதை நேயர்களுக்குத் தெரியும். இவையோ சிமெண்டுக் குதிர்கள்; பனைமரத்தை விஞ்சிய உயரம். இப்போது அவற்றில் கோதுமை இல்லை. வெளிச் சுவரில் மனித முகங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜாக்களின் முகங்கள் அல்ல, அரசியல் தலைவர்களின் முகங்களும் அல்ல. அந்த ஊர்க்காரர்களுடைய முகங்கள்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், விடிவதற்கு முன்பே ஹார்ஷம் என்ற ஊரிலிருந்து காரில் புறப்பட்டோம். நாங்கள் மூவர், மெல்பர்னில் வேலை பார்க்கும் மருமகப் பிள்ளை கார் ஓட்டினார். எங்களில் மூத்தவரை நாங்கள் பெரியண்ணன் என்றுதான் அழைப்போம். பேராக்கில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். ஓவியம் பார்க்கப் போகிறோம் என்றதும் அவருக்கு அவ்வளவாக மனம் இல்லை. கங்காருவைக் காட்டுவதாகச் சொல்லித்தான் அழைத்துப் போனோம்.

முதலில் நின்ற ஊர் முர்டோவா. அங்கே ஓவியம் இல்லை. ஆனால் குதிர்களின் வரலாறு தெரிய வேண்டுமானால் அங்குள்ள ஒரு கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போவதே முறை. ஊர்க்காரர்கள் அதைக் குச்சிக் கொட்டகை என்கிறார்கள். கேலிப் பெயர்தான். உள்ளே நுழைந்தால் காட்டுக்குள் நுழைந்தது போல் இருக்கிறது. கால் கிலோமீட்டருக்கும் அதிக நீளம், 60 மீட்டர் அகலம். தகரக் கூரையைத் தாங்கி நிற்பவை 560 முழு மரங்கள். அறுத்துச் சதுரமாக்காமல் உருண்டையாகவே நட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்தான் அதைக் கட்ட வைத்தது. கப்பல் போக்குவரத்து முடங்கியதால் வெளிநாட்டுக்குப் போக வேண்டிய கோதுமை தேங்கிப் போயிற்று. எஃகு முழுவதும் போருக்குப் போனதால் மரத்தைக் கொண்டே 1941இல் கட்டத் தொடங்கி, சில மாதங்களில் முடித்துவிட்டார்கள். ஏறக்குறைய 95,000 டன் கோதுமை கொள்ளும். 1942 தொடக்கத்தில் அதில் கோதுமையைக் கொட்ட ஆரம்பித்தார்கள். அதே 1942 ஜனவரி 11ஆம் நாள்தான் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. நம் தோட்டங்களில் அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கே சோறான காலம் அது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த காலம். ஒரு நாட்டில் வைக்க இடமில்லாத தானியம், இன்னொரு நாட்டில் கிழங்கு. பெரியண்ணன் ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "எங்க ஆத்தா இதைப் பாத்திருக்கணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

குதிர்கள் வருவதற்கு முன்னால் கோதுமை எப்படிப் போயிற்று? சாக்கில்தான் போயிற்று. அந்தச் சாக்குகள் வங்காளத்திலிருந்து, கல்கத்தாவின் சணல் ஆலைகளிலிருந்து கப்பலில் வந்தவை. ஒரு சாக்கு கோதுமை 180 ராத்தல், அதாவது ஏறக்குறைய 82 கிலோ. சாக்கின் வாயைக் கையாலேயே தைத்து, வண்டியில் ரயில் நிலையத்துக்குக் கொண்டு வருவார்கள். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் தோளில் ஏற்றிக்கொண்டு, சாய்வுப் பலகையில் நடந்து, மலைபோல் அடுக்குவார்கள். மழையில் நனைந்து அழுகியது எவ்வளவோ. எலி தின்றது எவ்வளவோ. 1917இல் விக்டோரியாவின் கோதுமைச் சீமையில் சுண்டெலிகள் பெருகி, அடுக்கி வைத்த மூட்டைகளைச் சல்லடையாக்கிவிட்டன.

இந்த நட்டத்தையும் சாக்குச் செலவையும் கணக்குப் பார்த்து, 1934இல் மாநில அரசு சட்டம் இயற்றித் தானியக் குதிர் வாரியம் ஒன்றை அமைத்தது. ரயில் பாதை நெடுகச் சிமெண்டுக் குதிர்கள் எழும்பின. ஷீப் ஹில்ஸ் குதிர் 1938இல் வந்தது. பிரிம், ரோஸ்பெரி, லாசெல்ஸ், பாட்செவொல்லாக் குதிர்கள் 1939இல் வந்தன. அதன் பிறகு கோதுமை தண்ணீர் போல் ஓடலாயிற்று. மேலே ஏற்றுவதற்கு இயந்திரம், கீழே ரயில் பெட்டி. மூட்டை தூக்கியவனின் தோள் பிழைத்தது. அவனுடைய வேலை போயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 82 கிலோவைத் தினமும் சுமந்தவனைக் கேட்டால் குதிரைத்தான் வாழ்த்துவான். ஆனாலும் அவன் அடுத்த வருடம் எந்த ஊரில் இருந்தான் என்பதையும் வரலாறு கேட்க வேண்டும்.

முர்டோவாவிலிருந்து ருப்பன்யப் அருகில்தான். இங்குள்ளவை எஃகுக் குதிர்கள். அவற்றில் 2017ஆம் ஆண்டு யூலியா வோல்ச்கோவா என்ற ரஷ்யப் பெண் ஓர் இளைஞனையும் ஓர் இளம் பெண்ணையும் எழுதினார். இருவரும் ஊர் விளையாட்டுக் குழுவின் உடையில் நிற்கிறார்கள். இந்த ஓவியர் நமக்கு அயலார் அல்லர். பினாங்கு ஜார்ஜ் டவுன் சந்துச் சுவரில் இந்தியப் படகோட்டி ஒருவரை எழுதியவர் இவர்தான். பினாங்கு போன நேயர்கள் அதன்முன் நின்று படமும் எடுத்திருப்பீர்கள்.

இளையவர்களை எழுதியதற்குக் காரணம் உண்டு. இங்கே இளையவர்கள் தங்குவதே பெரிய செய்தி. வங்கிகள் ஒவ்வொன்றாக இத்தகைய ஊர்களைவிட்டுப் போய்விட்டன. ஆனால் 1998இல் ருப்பன்யப்பும் பக்கத்து ஊரான மின்யிப்பும் சும்மா இருக்கவில்லை. ஊர்க்காரர்களே பங்குப் பணம் போட்டு, பெண்டிகோ வங்கியோடு சேர்ந்து, தங்களுக்கென்று சமூக வங்கி திறந்தார்கள். நாட்டிலேயே அத்தகைய வங்கி முதன்முதலாக வந்தது இந்த இரு ஊர்களில்தான். இதைக் கேட்டதும் எங்களுக்கு 1960 நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, துன் சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய ஆண்டு அல்லவா அது?

ஷீப் ஹில்ஸில் இப்போது ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை. வயலின் நடுவே குதிர் மட்டும் தனியாக நிற்கிறது. அதில் அட்னேட் என்ற மெல்பர்ன் ஓவியர் 2016இல் நான்கு முகங்களை எழுதினார். முதியவர் இருவர், சிறுவர் இருவர். நால்வரும் அந்த மண்ணின் பூர்வ குடிகளான வோட்ஜோபாலுக், வெர்கையா மக்கள். நாங்கள் அன்று பார்த்த ஓவியங்களில் வண்ணம் மிகுந்தது இதுதான். பின்னால் இரவு வானமும் விண்மீன்களும். பிள்ளைகள் இருவரும் மேலே பார்க்கிறார்கள்.

கோதுமைக்கு முன்னால் இந்த நிலத்தில் ஆடு மேய்ந்தது; ஊர்ப் பெயரே அதைச் சொல்கிறது. ஆட்டுக்கு முன்னால் இந்த மக்கள் இருந்தார்கள். 1840களில் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் வந்து நீர் நிலைகளைப் பிடித்துக்கொள்ள, இவர்கள் சொந்த மண்ணிலேயே ஒதுக்கப்பட்டார்கள். 1859இல் பாதிரிமார் நடத்திய எபனேசர் குடியிருப்பில் பலர் தங்கினார்கள். அதுவும் 1904இல் மூடப்பட்டது. நிலத்தின்மேல் இவர்களுக்குப் பாரம்பரிய உரிமை உண்டென்று நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 2005 டிசம்பர் 13ஆம் நாள் வரை ஆயிற்று. விக்டோரியா மாநிலத்தில் அவ்வாறு கிடைத்த முதல் தீர்ப்பு அதுதான். பதினொரு வருடம் கழித்துக் குதிரில் முகம் வந்தது.

அடுத்து பிரிம். இந்த வட்டாரத்தில் ஓவியம் எழுதும் வழக்கம் தொடங்கிய இடம் இது. நாட்டில் முதன்முதலாகக் குதிர்மேல் எழுதியது 2015இல், மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்தம் நகரில். விக்டோரியாவில் பிரிம்தான் முதல். பல வருட வறட்சியால் ஊர் தளர்ந்திருந்த சமயம். தானியக் கம்பெனிகள் சில பெரிய ஊர்களில் மட்டும் கொள்முதல் வைத்துக்கொண்டு, சின்ன ஊர்க் குதிர்களை வெறுமையாக விட்டுவிட்டன. அப்படி நின்ற குதிரில் கைடோ வான் ஹெல்டன் என்ற பிரிஸ்பேன் ஓவியர் 2016 ஜனவரியில் நால்வரை எழுதி முடித்தார்.

காருக்குள்ளிருந்தே அவர்களைப் பார்த்துவிட்டோம். முப்பது மீட்டர் உயரம். மூன்று ஆண்கள், ஒரு பெண், வெவ்வேறு வயது. வேலை உடையில், ஒருவரையொருவர் பாராமல் நிற்கிறார்கள். பளிச்சென்ற நிறம் ஒன்றும் இல்லை. மண் நிறமும் சாம்பல் நிறமுந்தான். சிமெண்டிலிருந்தே தோன்றியவர்கள் போல் இருக்கிறார்கள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. மழை வருமா என்று பார்க்கிறவர்களின் முகம் அது. அந்தப் பார்வையை நமக்கும் தெரியும். விடிகாலையில் பிரட்டுக் களத்தில் நின்று, இன்றைக்கு மழை வேலையைக் கெடுக்குமா என்று வானத்தைப் பார்த்த பார்வை அது. நாம் மழை வேண்டாமென்று பார்த்தோம், அவர்கள் வேண்டுமென்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

கங்காரு எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்த பெரியண்ணன் அங்கே வெகு நேரம் நின்றார். "பேரு எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டார். எழுதவில்லை. ஓவியர் வேண்டுமென்றே அவர்களைப் பெயர் இல்லாதவர்களாக விட்டிருக்கிறார். தலைமுறை தலைமுறையாக உழைத்த எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பது எண்ணம். பெரியண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "முகம் போட்டவன் பேரும் போட்டிருக்கலாம்" என்றார். ஓவியர் பக்கம் நாங்கள் பேசிப் பார்த்தோம். இப்போது எண்ணிப் பார்த்தால், அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

பிரிம் ஓவியத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வரவே, மற்ற ஊர்களும் முன்வந்தன. 2017 முடிவதற்குள் ஆறு ஊர்களில் குதிர்கள் முகம் பெற்றன. ருப்பன்யப்பிலிருந்து பாட்செவொல்லாக் வரை 200 கிலோமீட்டர் பாதை அது.

இங்கே சிறிது விலகி ஒன்று சொல்லிவிடுகிறோம். கோதுமை வயலில் ஆள் குறைந்ததற்குக் குதிர் மட்டும் காரணமல்ல. அறுவடை இயந்திரம் முக்கியக் காரணம். அதைச் செய்து விற்றுப் பெரும் பணக்காரரானவர் ஹெச். வி. மெக்கே. அவருடைய தொழிற்சாலை வழக்கில்தான் 1907இல் நீதிபதி ஹிகின்ஸ், கூலி என்பது முதலாளியின் தயவைப் பொறுத்ததல்ல, மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு தொழிலாளி கண்ணியமாக வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங் என்று கணக்கும் சொன்னார். அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான சட்டத்தை மறு வருடமே உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. ஆயினும் அந்த அளவுகோல் அந்நாட்டில் பல்லாண்டு நிலைத்து நின்றது. கூலிக்காகப் போராடிய குடும்பங்களில் பிறந்தவர்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

ரோஸ்பெரியில் காஃப்-ஈன் என்ற பெண் ஓவியர் எழுதியது: ஒரு குதிரில் ஆடு வளர்க்கும் இளம் பெண், மற்றதில் ஒருவர் தம் குதிரையோடு அமைதியாக நிற்கிறார். லாசெல்ஸில் நான்கு தலைமுறையாக அங்கேயே விவசாயம் செய்யும் குடும்பத்துக் கணவனும் மனைவியும். எழுதியவர் ரோன். வண்ணத்தில் தண்ணீர் கலந்து, சிமெண்டோடு கரைந்து போவது போல் எழுதியிருக்கிறார். பாட்செவொல்லாக்கில் ஃபின்டன் மாகீ எழுதியது ஒல்லியான, உயரமான ஒரு விவசாயி. ஒடுக்கமான குதிர் என்பதால் அதற்கேற்ற ஒல்லி ஆளைத் தேடிப் பிடித்தாராம் ஓவியர். அன்று முழுவதும் பெரியண்ணன் சிரித்தது அந்த ஓர் இடத்தில்தான்.

வடக்கே போகப் போக மண் சிவக்கிறது. வயல் ஓரங்களில் மாலி மரங்கள் தென்படுகின்றன. யூக்கலிப்டஸ் இனந்தான், ஆனால் ஒரே அடியிலிருந்து ஏழெட்டுத் தண்டுகள் கிளம்பும். தீயில் கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் பெருங்கிழங்கு போன்ற அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். இந்தக் காட்டை உழவன் எப்படி வென்றான்? கனத்த உருளையைக் காளை பூட்டி இழுத்துப் புதரை நசுக்கினான்; பிறகு தீ வைத்தான். அடிக்கட்டை மட்டும் அசையவில்லை. 1876இல் தென் ஆஸ்திரேலியாவில், கட்டையில் இடித்தால் தானே மேலெழும்பித் தாண்டிக்கொள்ளும் கலப்பையைக் கண்டுபிடித்த பிறகுதான் மாலி நிலம் கோதுமை நிலமாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கும் இங்கே நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். காடு போனதும் மேல்மண் காற்றில் பறந்தது. புழுதிப் புயலிலும் கடனிலும் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போயின.

அழியாமல் தப்பிய மாலிக் காடுகளில் ஒன்று வைப்பர்ஃபெல்ட் தேசியப் பூங்கா. பாட்செவொல்லாக்குக்கு மேற்கே இருக்கும் வடபகுதிக்குப் பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பெரியண்ணனுக்குக் கொடுத்த வாக்கு அங்கே நிறைவேறியது. சாம்பல் நிறக் கங்காருக்கள் ஏழெட்டு, புல்வெளியில் எழுந்து நின்று எங்களைப் பார்த்தன. ஈமுப் பறவை ஒன்று ஐந்து குஞ்சுகளோடு நிதானமாகக் குறுக்கே நடந்தது. அது தாயல்ல, தகப்பன். பெண் ஈமு முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் ஏறக்குறைய எட்டு வாரம் அடைகாத்து, குஞ்சுகளையும் தானே வளர்க்கும்.

நாங்கள் முக்கியமாகப் பார்க்க விரும்பியது மாலிக் கோழியை. அம்மக்கள் மொழியில் அதற்கு லோவான் என்று பெயர். ஈமுவைப் போல உட்கார்ந்து அடைகாக்கும் பறவை அல்ல அது. மண்ணையும் சருகையும் காலால் வாரி, நாலைந்து மீட்டர் அகலத்துக்கு ஒரு மேடு கட்டும். உள்ளே சருகு மக்கிச் சூடு உண்டாகும்; பிறகு வெயிலும் சேர்ந்துகொள்ளும். பெட்டை முட்டையிட, ஆண் பறவை மாதக்கணக்கில் அந்த மேட்டைக் காக்கிறது. அலகை மண்ணுக்குள் விட்டுச் சூடு பார்த்து, கூடினால் மண்ணைத் தள்ளியும் குறைந்தால் மூடியும், 33, 34 டிகிரி அளவில் வைத்துக்கொள்ளும். குஞ்சு தானே மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்து ஓடிவிடும். தாய் தகப்பன் முகம் பார்ப்பதில்லை. இந்தக் கோழிக்கு நம் சபா மாநிலத்துத் தீவுகளிலும் உறவுப் பறவை உண்டு. காடு அழிந்ததாலும், வெள்ளைக்காரர் கொண்டு வந்து விட்ட நரிகளாலும் மாலிக் கோழி அருகிப்போயிற்று. அன்று எங்களுக்குக் கிடைத்தது பழைய மேடு ஒன்றுதான். கோழி இல்லை.

இருட்டியதும் வடமேற்கு அடிவானத்தில் மிகத் தாழ்வாக ஒரு வெள்ளை விண்மீன் தெரிந்தது. நம் பஞ்சாங்கத்தார் அபிஜித் என்பது அதைத்தான். இந்த மாலிச் சீமையில் டிரெல் ஏரிக்கரையில் வாழ்ந்த பூரோங் மக்கள் அதை நீலோவான் என்றார்கள். பறந்து செல்லும் லோவான் கோழி அது. ஸ்டான்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் அவர்களிடம் கேட்டறிந்து 1857இல் பதிவு செய்திருக்கிறார். அந்த விண்மீன் சூரியனோடு சேர்ந்து மறையும் காலமே கோழி முட்டை கிடைக்கும் காலம். ஷீப் ஹில்ஸ் குதிரில் அந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது இத்தகைய பாடம் எழுதிய வானத்தைத்தான்.

கங்காரு குறுக்கே வரும் என்பதால் மருமகப் பிள்ளை காரை மெதுவாகவே ஓட்டினார். ஹோப்டவுனில் இரவு தங்க ஏற்பாடு. பெரியண்ணன் வேலை செய்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. பால் நிறுக்கும் கொட்டகையை இடித்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. காரின் பின் இருக்கையில் அவர் திடீரென்று, அந்தக் கொட்டகை முன்னால் வாளியோடு வரிசையில் நின்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். முதல் நிரைக்காரர், அடுத்தவர், அவர் மனைவி, அவர் தங்கச்சி என்று, நின்ற வரிசை மாறாமல் சொன்னார். எங்களில் ஒருவர் கையில் இருந்த வரைபடத்தின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ஹோப்டவுன் விளக்குகள் தெரிந்தபோது நாற்பத்தொரு பெயர் ஆகியிருந்தது. "இன்னும் இருக்கு, எழுது" என்றார்.